கிருத்திகையன்று வந்த கிராம்பு வாசனை

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் போட்ட பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய கால்கள்தான். ஒன்று வெடிப்பு விட்ட வயதான கால். ஒன்று நன்றாகக் கழுவி, நகம் வெட்டிய கால். மூன்றாவது, காக்கிக் கால்சட்டைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த பெரிய கால்.

இதில் மாப்பிள்ளைக் கால் எது என்று யாரிடம் கேட்பது? நிமிர்ந்து பார்த்தால் துடுக்கு என்று பேர் வரும். அந்தப் பேர் ராசிபுரத்தில் எங்கள் தெருவரைக்கும் ஏற்கெனவே பாதி வந்திருந்தது. ஆகவே கண்ணுக்குக் கிடைக்காததை மூக்கு தேடிப் போயிற்று.

முதலில் கிராம்பு வந்தது. அதன் பின்னாலேயே பட்டை. கொஞ்சம் பொறுத்து ஜாதிக்காய். எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று, தச்சன் புதுப் பலகை இழைத்த இடத்தில் நின்றால் வருமே, அந்த மாதிரி. மூக்கில் ஜில்லென்று ஏறி, நெஞ்சுக்குள் போனதும் சூடாகிவிட்டது.

தண்ணீர்ச் சொம்பை நீட்டும் சாக்கில் நன்றாக இழுத்துக்கொண்டேன். நகம் வெட்டிய காலின் பக்கமிருந்துதான் வந்தது. சந்தோஷமாக இருந்தது. காக்கிக் கால்சட்டையிடம் போனேன். அங்கேயும் அதே வாசனை. சரி, இருவரில் ஒருவர் என்று சமாதானம் செய்துகொண்டு வெடிப்புக் காலின் முன்னால் குனிந்தால், அங்கே எல்லாரையும்விடத் தூக்கலாக அடித்தது.

மாமனாராக வரப்போகிறவரின் வாசனையில் ஒரு பெண் கிறங்கி நிற்பது எந்த ஊர் முறையிலும் சேராது. சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். வாசம் நல்லா இருக்குதும்மா என்றேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தாள்.

போன இதழில் நூல் தட்டுப்பாட்டைப் பற்றி எழுதும்போது, ஒரு வாசனையால் என் கல்யாணம் நிற்கப் பார்த்தது என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். படித்தவர்கள் விடவில்லை. காய்கறிக் கடையில்கூட அதையேதான் கேட்கிறார்கள். ஆகவே நூலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரம் வாசனைக்கு வருகிறேன்.

மூன்று முகம், ஒரு புட்டி

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மல்லசமுத்திரத்தில் ஏறியவர்கள் ராசிபுரத்தில் இறங்கும்போது கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதியவர்கள் மாதிரி இருப்பார்கள். பெண் பார்க்க வந்த மூவரும் அந்தக் கோலத்தில்தான் இறங்கினார்கள். ஊர் எல்லையில் ஒரு கிணற்றடியில் முகம் கழுவினார்கள்.

மாப்பிள்ளை செல்லமுத்து, எலிமென்டரி பள்ளி வாத்தியார். நகம் வெட்டிய கால் அவருடையது. காக்கிக் கால்சட்டை அவருடைய கூட்டாளி மாரப்பன். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர், அஸ்ஸாம் பக்கமிருந்து விடுப்பில் வந்திருந்தார். அங்கே சேற்றில் புதைந்த ஒரு வண்டியை லாரியில் கட்டி இழுத்துக் கொடுத்ததற்காக ஓர் அமெரிக்க அதிகாரி சந்தோஷமாகக் கொடுத்த புட்டி ஒன்று அவர் பையில் இருந்தது. பால் வெள்ளை நிறம். மேலே பாய்மரக் கப்பல் படம். துரைமார்கள் சவரம் செய்தபின் கன்னத்தில் தட்டிக்கொள்கிற தண்ணீர்.

வாத்தியார் வேண்டாம் வேண்டாம் என்று விலகியிருக்கிறார். மாரப்பன் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் தட்டிவிட்டார். தானும் போட்டுக்கொண்டார். வாத்தியாரின் அப்பா காளியண்ணன், அதென்ன மருந்தா என்று கேட்டார். ஆமாங்க என்று மாரப்பனும் சொல்லிவைத்தார். பெரியவர் ஒரு கை நிறைய வாங்கி முகத்தில் தடவி, கழுத்தில் தடவி, மிச்சத்தை வலிக்கிற இரண்டு முழங்கால்களிலும் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டார்.

அவருடைய காலருகே குனிந்த எனக்குத் தலை சுற்றியதற்குக் காரணம் அதுதான். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் இவ்வளவு வம்பு இல்லை.

ஆண்பிள்ளைகளின் வாசனை

அந்தக் காலத்து ஆண்கள் என்ன வாசனை அடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். எங்கள் ஆண்கள்மேல் புளித்த கஞ்சியும் ஈர நூலும் அடிக்கும். சாயப்பட்டறைக்காரர்கள் தூரத்திலேயே தெரிந்துவிடுவார்கள். மற்றபடி விளக்கெண்ணெய், வேர்வை, மூக்குப்பொடி. திருநாள் பெருநாள் என்றால் விபூதி.

எங்கள் தெருவில் ஒருவர் சேலத்துக்குப் போய் மல்லிகை அத்தர் வாங்கிவந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். அவர் நடந்து போனால் யாரோ கல்யாணப் பெண் போகிறாள் என்று குழந்தைகள் எட்டிப் பார்க்கும். மீசையைப் பார்த்ததும் திரும்பிவிடும். அவர் சம்சாரம் மூன்றாம் நாள் அந்தப் பஞ்சை எடுத்து விளக்குக்குத் திரியாகப் போட்டுவிட்டாள்.

கிராம்பு அதுவரை எனக்குப் பல்வலி. இல்லையென்றால் அடுப்பங்கரை. வருஷத்தில் சில நாள் கறி எடுக்கும்போது பட்டையும் கிராம்பும் அம்மியில் அரைப்பது என் வேலை. நுணுங்கவே நுணுங்காத சனியன். அரைத்து முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

அப்படிக் கை நோக நாங்கள் அரைக்கிற சாமானை ஒருவன் நகை மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். என்ன தைரியம் என்று தோன்றியது. பூ வாசனை நம்மிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கும். இந்த வாசனைக்கு அந்தக் கவலையே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றது. கொஞ்சம் காரம், கொஞ்சம் திமிர். ஆனால் சற்று நேரம் கழித்து, அவர்கள் போனபின் பெஞ்சின் பக்கம் போனபோது, காரமெல்லாம் இறங்கி, பெட்டியில் மடித்துவைத்த வேட்டியை வெயில் நாளில் எடுத்தால் வருகிற மாதிரி இதமாகக் கிடந்தது.

பெஞ்சைத் துடைக்கச் சொன்னார்கள். நான் அன்று துடைக்கவில்லை.

மாமாவின் மூக்கு

அம்மாவின் அண்ணன் ரங்கசாமி மாமாவுக்கு எதிர் வீடு. எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவும் அவர் சொல்லாமல் நடக்காது. நல்ல மனிதர். ஆனால் தன் மூக்கின்மேல் அவருக்கு அளவில்லாத பெருமை. தெருக்கோடியில் எந்த வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வார். பொடி போடுகிற மூக்குக்கு இவ்வளவு தெரியுமா என்று யாராவது கேட்டால், பொடி போட்டால்தான் மூக்கு திறக்கும் என்பார்.

பெண் பார்த்த அன்று மாமா பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து மூக்கை விடைத்துக்கொண்டே இருந்தார். அவர்கள் கிளம்பிப் போனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

“மூணு பேருமே கறி தின்னுபோட்டு வந்திருக்கறாங்க.”

அன்று கிருத்திகை. எங்கள் வீடு மொத்தமும் விரதம். முருகனுக்கு உகந்த நாளென்றுதான் பெண் பார்க்கவே குறித்திருந்தோம். அப்படிப்பட்ட நாளில் பட்டையும் கிராம்புமாக மணக்க மணக்க ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் அவர்களை நம்பிப் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று மாமா கேட்டார். இளசுகளையாவது மன்னிக்கலாம், பெரியவரின் முழங்காலில்கூட மசாலா அடிக்கிறது, அவர் சட்டிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்து தின்றிருக்கிறார் என்றார்.

அப்பா சாது. வாத்தியார் வேலை பார்க்கிறவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

மாமா கையில் வேறொரு வரனும் இருந்தது. வாழப்பாடியில் ஒரு நூல் வியாபாரி. முதல் சம்சாரம் தவறிவிட்டது. அவருக்கு என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது கம்மி. நூலுக்கு நாங்கள் வரிசையில் கிடந்த காலம் அது. அந்த மனிதரைக் கட்டிக்கொண்டால் எங்கள் தெருவில் எந்தத் தறியும் நிற்காது என்று மாமா மனசார நம்பினார். ஒருமுறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் மோந்து பார்த்தேன். புது நூல் வாசனை அடித்தது. அது நூலின் வாசனை. அவருடையது என்று ஒன்றும் இல்லை.

மல்லசமுத்திரத்துக்குச் சகுனம் சரியில்லை என்று மட்டும்தான் தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். தரகர் வாய் சும்மா இருக்குமா? கறி விஷயம் மறுநாளே அங்கே போய்விட்டது. காளியண்ணன் கிருத்திகையென்றால் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிற மனிதர். எங்கள் வீட்டில் நான் கொடுத்த தண்ணீரைக்கூட அவர் வாங்கிப் பக்கத்தில்தான் வைத்திருந்தார். சேதி கேட்டதும் அவர் தறியிலிருந்து எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம்.

வெங்காயம் எங்கே?

நான் மாமாவிடம் வாதாட முடியாது. அத்தையிடம் முடியும். மாமாவின் சம்சாரம் குப்பாயி அத்தை அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் பேசினால் மாமா உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏனுங்கத்தை, வெங்காயம் பூண்டு இல்லாம நீங்க கறி ஆக்குவீங்களா?”

“ஆரு ஆக்குவா?”

“அவங்க மேல வெங்காய வாசமே இல்லீங்க. பூண்டு இல்லை, கொத்தமல்லி இல்லை, மொளகா இல்லை. பட்டையும் கிராம்பும் தனியா நின்னுதுங்க.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

“நீ தண்ணி குடுக்கப் போனியா, மோந்து பாக்கப் போனியா?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அத்தை முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

அன்று சாயங்காலமே அத்தை மாமாவிடம் பேசினாள். விரதம் இருந்தவனைப் பார்த்துக் கறி தின்றான் என்று சொன்னது பொய்யாக இருந்தால் அந்தப் பாவம் நம் தலையில்தான் விடியும், நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றாள். விசாரிப்பது மாமாவுக்கு மிகவும் பிடித்த வேலை. சந்தை நாளாகப் பார்த்துக் கிளம்பினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்குள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பம் நட்டால் திருவிழா முடிகிறவரை ஊரில் யாரும் கறி தொடக் கூடாது. சில வீடுகளில் தாளிக்கக்கூட மாட்டார்கள். அம்மை போட்டுக் குழந்தைகளைப் பறிகொடுத்த வீடுகள் தெருவுக்கு நாலு இருந்த காலம். யாரும் அதில் விளையாடமாட்டார்கள்.

மல்லசமுத்திரத்தில் ஒரு துண்டு

மல்லசமுத்திரத்தில் மாமா முதலில் டீக்கடையில் விசாரித்தார். பிறகு கறிக்கடைக்காரரிடமே போய், கிருத்திகையன்று காளியண்ணன் வீட்டுக்குக் கறி போயிற்றா என்று கேட்டார். கிருத்திகைக்கு நான் கடையே திறப்பதில்லை என்று அவர் சொன்னார். வேறு ஊரிலிருந்து வாங்கியிருக்கலாமே என்று மாமா கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் வணக்கம் சொன்னார். காக்கிக் கால்சட்டை.

மாரப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முகமெல்லாம் கரியாக இருக்கிறதே, வீட்டுக்கு வந்து கழுவிவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். தண்ணீர் கொடுத்தார். மாமா முகம் கழுவி நிமிர்ந்ததும் பட்டாளத்துத் துண்டு ஒன்றை நீட்டினார். அந்தத் துண்டில் புட்டியிலிருந்து தாராளமாக ஊற்றியிருந்தார்.

மாமா முகத்தைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது. கழுத்தைத் துடைத்தார். கண்ணை மூடினார். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லையாம்.

“இது என்ன சாமி?”

“சவரத் தண்ணிங்க. அன்னைக்கு உங்க ஊட்டுக்கு வந்தப்பவும் இதைத்தானுங்க போட்டிருந்தோம்.”

மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த தெருவில்தான் காளியண்ணன் வீடு. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா போகவில்லை. இன்னொரு கை ஊற்று சாமி என்று கேட்டு வாங்கினார். மீசையில் தடவினார். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் தடவினார். யோசனை செய்து சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

விசாரித்தேன், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று ஊரில் சொல்லி விஷயத்தை அமுக்கிவிடுவதென்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாராம். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். வாழப்பாடிக்காரருக்காக அல்ல. இத்தனை வருஷம் தெருவே மெச்சிய மூக்கு தப்புப் பண்ணிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

எதிர் வீட்டு வாசல்

பொழுது இறங்குகிற நேரம். நான் எங்கள் வாசலில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் மாமா திரும்பினார். அவருக்கு முன்னால் கிராம்பு திரும்பியது. என் கை ராட்டையிலேயே நின்றுவிட்டது.

மாமா தன் வீட்டு வாசல்படியில் கால் வைத்தார். தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தை நிலைப்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்றாள்.

“ஏனுங்க, எங்க தின்னீங்க?”

காலையிலிருந்து ஒரு டீத்தண்ணிதான் குடித்தேன் என்றார் மாமா.

“ஊருல கம்பம் நட்டிருக்குது.”

அத்தை சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கம்பம் என்ற வார்த்தைக்குப் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. இரண்டு பெண்கள் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேறு ஊரில் தின்றால் ஆத்தாளுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா என்று ஒரு கிழவி கேட்டாள். மாமாவின் முகம் இருண்டுபோயிற்று. அத்தை படியை மறித்து நின்றுகொண்டு, கோயிலுக்குப் போய்க் கம்பத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றாள்.

மாமா என் பக்கம் ஒருமுறை பார்த்தார். எனக்கு எப்படியிருந்தது என்று கேட்டால், பாதி சிரிப்பு, பாதி நடுக்கம். இந்த நிமிஷம் மாமா எதைச் சொல்கிறார் என்பதில் என் ஆயுசே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“கறி இல்லை புள்ள. சவரத் தண்ணி.”

தெரு சிரித்தது. சவரத் தண்ணீரில் யாராவது பட்டை கிராம்பு போடுவார்களா என்று கிழவி கேட்டாள். மாமா வேறு வழியில்லாமல் மாரப்பனிலிருந்து தொடங்கினார். துண்டைச் சொன்னார். கப்பல் படம் போட்ட புட்டியைச் சொன்னார். தெருவில் நின்று நெஞ்சைத் திறந்து காட்டி, வேண்டுமானால் நன்றாக மோந்து பாருங்கள், இதில் கறி எங்கே இருக்கிறது என்று மன்றாடினார்.

அத்தை கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப அந்த வாத்தியாரு பையன் மேல அடிச்சது?”

மாமா வானத்தைப் பார்த்தார். தெருவில் காய்ந்துகொண்டிருந்த பாவு நூலைப் பார்த்தார்.

“அதுவும் இதேதான்,” என்றார் முணுமுணுப்பாக.

“சத்தமாச் சொல்லுங்க. எதிர் ஊட்டுல கேக்கோணும்.”

மாமா திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். அப்பா கஞ்சிக் கையோடு வெளியே வந்து நின்றார். நான் ராட்டையை விட்ட வேகத்தில் நூல் அறுந்து போயிற்று. அந்தக் காலத்தில் ஒரு முழம் நூல் வீணானாலும் வீட்டில் திட்டு விழும். அன்று யாரும் திட்டவில்லை.

அத்தை மாமாவின் காலில் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டாள். அவர் கிட்டே வந்ததுமே அது கறி இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்று பல வருஷம் கழித்து அத்தையைக் கேட்டேன். வெங்காய வாசமே இல்லையே என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு மாமா வெற்றிலை பாக்கும் பழமும் எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் போனார். காளியண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நெய்துகொண்டே இருந்தார். மாமா தறியின் ஓரத்திலேயே நின்றார். வெகுநேரம் கழித்துத்தான் பெரியவர் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தினார்.

“கறி தின்னேன்னு சொன்னதுகூடப் போகட்டுங்க. கிருத்திகையன்னைக்குத் தின்னேன்னு சொல்லிப்போட்டீங்களே.”

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பிறகு இருவரும் சேர்ந்து மாரப்பன் வீட்டுக்குப் போனார்கள். புட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்தத் தண்ணீர் பட்டதிலிருந்து முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்று காளியண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் செய்த தைலம்

தை மாதம் கல்யாணம். மாரப்பன் அதற்குள் விடுப்பு முடிந்து போய்விட்டார். புட்டியும் அவரோடு போய்விட்டது.

மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம் மூச்சை இழுத்தது. சோப்பு வாசனை வந்தது. கொஞ்சம் சாக்கட்டி. அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்ததை மறைப்பானேன்?

மறுநாள் மல்லசமுத்திரம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கரிப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

“அம்மணி, அன்னைக்கு அந்த நாத்தத்தை எப்பிடிப் பொறுத்துக்கிட்டே? எனக்குத் தலைவலியே வந்துருச்சு.”

“எனக்கு அது புடிச்சுத்தானுங்க சரின்னு சொன்னேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பாலம் போயிற்று, ஒரு சோளக்காடு போயிற்று. பிறகு, ரொம்பத் தயங்கி, அப்படியானால் மாரப்பன்மேல் அடித்ததும் உனக்குப் பிடித்ததா என்று கேட்டார்.

“உங்கப்பா மேலதானுங்க தூக்கலா இருந்துது.”

அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர் பல்லை நான் பார்த்ததில்லை. வரிசையான பல்.

அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து, கொல்லைப்புறத்து ஓட்டுக் கூரைமேல் ஒரு மருந்துப் புட்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு மாமனார், அவனுக்கு ஏதோ தைலம் என்று மட்டும் சொன்னார். வாத்தியார் நாட்டு மருந்துக் கடையில் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் வாங்கி, பள்ளிக்கூடத்துக் கல்லில் இடித்து, தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் காலையில் நான் தண்ணீருக்குப் போயிருந்தபோது அதைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார்.

சாயங்காலம் தெருவில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். இவர் வந்துகொண்டிருந்தார். கன்னமெல்லாம் எண்ணெய் மின்னியது. நெற்றியில் தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டிருந்தார். பின்னால் இரண்டு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு வந்தன. மூன்றாவது ஒன்று தெருக்கோடியிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் எல்லாம், வாத்தியாருங்க, இன்னைக்கு உங்க ஊட்டுல கறிக் குழம்புங்களா என்று கேட்டதாகச் சொன்னார்.

வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார். நூறு பிள்ளைகளை அதட்டுகிற மனிதர், பாடம் ஒப்பிக்க வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

“எப்பிடி இருக்குது, அம்மணி?”

கப்பல் புட்டிக்கும் அதற்கும் ஏழு கடல் தூரம் இருந்தது. எண்ணெய் காறிப்போயிருந்தது. அசல் குருமா வாசனை. நான் கிட்டே போய், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நன்றாக இழுத்து மோந்தேன். உள்ளே தறிச் சத்தம் நின்று, மாமனார் இருமுவது கேட்டது.

“நாயிங்க வெளியவே நிக்கட்டுங்க,” என்றேன். “நீங்க உள்ள வாங்க.”